நிறுத்துற சுவிட்ச் எங்கடா?

காலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி 11. அம்மா சமையலறை வாசலில் நின்றபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் தேநீர் நிறத்தில் ஒரு லிட்டர் சாறு. கரண்டி இல்லை, தொடுகிற கை இல்லை. சாறு தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“என்னடா இது, பேய் கலக்குற மாதிரி கலக்குது?”

“பேய் இல்லம்மா, காந்தம்” என்றேன் பெருமையாக.

“எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு நாசூக்கான பதில் ஒன்றைப் பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது, “பியர் செய்ய” என்பதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த சாம்பாரை இறக்கி வைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வானொலியில் மூன்று விநாடி சத்தம் இல்லாமல் போனாலே எங்களுக்கு வியர்த்துவிடும். அன்று எங்கள் வீட்டில் தொடங்கிய மௌனம் ஒன்பது நாள் நீடித்தது.

இந்த ஆர்வம் எனக்கு ஒரு நண்பரிடமிருந்து தொற்றியது. சிங்கப்பூரில் வீட்டில் பியர் செய்வது 2004 முதல் அனுமதிக்கப்பட்ட ஒன்று. செய்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்ச வரம்பு. சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. நண்பர் வீட்டில் நாங்கள் இரண்டு முறை செய்து பார்த்தோம். இரண்டு முறையும் மூன்று நாள் வரை வாளியில் ஒரு குமிழிகூட எழவில்லை. கடைசியில் கிடைத்தது புளித்த கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

கோளாறு ஈஸ்ட்டில் இருந்தது. திரவமாக வரும் ஈஸ்ட் பொட்டலத்தில், புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய பத்தாயிரம் கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பினாலும் வழியில் வெயில் பட்டால் அதில் பெரும்பங்கு செத்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தை 20 லிட்டர் சாற்றில் விட்டால் அது பெருகுவதற்குள் வேறு கிருமிகள் குடியேறிவிடுகின்றன.

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இதன் தீர்வு எளிதில் புரியும். உறை வீரியமில்லை என்றால் ஒரு குடம் பாலில் அதை ஊற்றமாட்டோம். ஒரு டம்ளர் பாலில் ஊற்றித் தேற்றிக்கொள்வோம். ஈஸ்ட்டுக்கும் அதேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் தூளைக் கரைத்து, 15 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். ஓரிரு நாளில் அது பல மடங்கு பெருகும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலக்கிக்கொண்டே இருந்தால் அது மிதந்தபடி சாற்றைச் சாப்பிடும், கரியமில வாயு வெளியேறும், காற்று உள்ளே போகும். போகும்போதும் வரும்போதும் குடுவையை ஓர் ஆட்டு ஆட்டினாலும் போதும்தான். ஆனால் அதிகாலை 5 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டியவன் யாரை ஆட்டச் சொல்வது?

அதனால் காந்தக் கலக்கி ஒன்று செய்ய முடிவெடுத்தேன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவன் நான். அதுவரை பற்றவைப்புக் கோலைக் கையில் பிடித்ததுகூட இல்லை.

தத்துவம் சுலபம். பழைய கணினியின் 12 வோல்ட் காற்றாடியைக் கழற்றி, அதன் நடுக்குமிழில் இரண்டு சிறிய காந்தங்களை ஒட்ட வேண்டும். காற்றாடிக்கு மேலே ஒரு மெல்லிய தட்டு, தட்டின் மேல் குடுவை. குடுவைக்குள் வெள்ளை உறை போட்ட, மாத்திரை வடிவக் காந்தத் துண்டு. கீழே காற்றாடி சுற்றினால் மேலே துண்டும் சுற்றும்.

மீதிப் பொருள்களுக்கு சிம் லிம் டவர் போனேன். அங்கே ஒரு கடைக்கார அங்கிள் நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பலகையை எடுத்துக் கொடுத்து, “இதில் வயரைச் செருகித் திருகினால் போதும், பற்றவைக்க வேண்டாம்” என்றார். பழைய காற்றாடி சும்மா கிடைத்ததால் எல்லாம் சேர்த்து 30 வெள்ளியைத் தாண்டவில்லை.

வீட்டில், இரவில், என் அறைக்குள் வேலை நடந்தது. முதல் நாள் இரண்டு காந்தங்களையும் ஒரே முனை மேலே இருக்கும்படி ஒட்டிவிட்டேன். துண்டு சுற்றாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் மேலே இருக்க வேண்டுமாம். இரண்டாம் நாள், அழகாக இருக்கட்டுமே என்று பிஸ்கட் டின்னுக்குள் காற்றாடியைப் பொருத்தி மூடினேன். காந்தம் தகர மூடியைக் கவ்விக்கொண்டது, காற்றாடி அசையவே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை 34 வயதில் மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டேன். அதன் மேல் பழைய புகைப்படச் சட்டத்தின் அக்ரிலிக் தகட்டை வைத்தேன். சுற்றியது. ஆனால் காந்தங்களை மையம் தவறி ஒட்டியிருந்ததால், வேகம் கூட்டியதும் துண்டு பிடியை விட்டுக் குடுவைக்குள் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. கவராயத்தால் வட்டம் போட்டு மறுபடி ஒட்டி, மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டப் பழகியபின் நடுவில் அழகான சுழி விழுந்தது.

அந்தச் சுழியைத்தான் அம்மா அன்று பார்த்தார்.

சாப்பாடு வழக்கம்போல மேசைக்கு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று சட்டம் பேசினேன். எத்தனை சதவீதம், எத்தனை லிட்டர் என்று கணக்குச் சொன்னேன். பதில் இல்லை. வளர்த்து எடுத்த ஈஸ்ட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். பியர் செய்யவில்லை.

பத்தாம் நாள் இரவு, காற்றாடியின் இரைச்சலைக் குறைக்க முடியுமா என்று வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்தார்.

“அது என் டப்பாதானே?”

“ஆமாம்மா.”

“மூடி எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் சுழல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். எல்லார் வீட்டுத் தாத்தாவையும் பற்றிச் சொல்லப்படும் ஒரு வரியாகத்தான் அது என் காதில் விழுந்திருக்கிறது. அன்று இரவு கேட்டது வேறு. சம்பள நாளில் பாட்டி, எட்டு வயதுப் பெண்ணான அம்மாவைத் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்புவாராம். அரிசிக்குக் காசு வாங்கி வர.

“அவங்க போய்க் கேட்டா அடி விழும். பிள்ளை கேட்டாக் குடுத்துருவாருன்னு ஒரு நம்பிக்கை. சில நாள் குடுப்பாரு. சில நாள் கடலை வாங்கிக் குடுத்து, ‘இங்கேயே உக்காரு, ஒரே ஒரு மங்குதான், வந்துர்றேன்’னு சொல்லிட்டு உள்ள போவாரு. இருட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேன். உங்க தாத்தாவும் கணக்கோடதான்டா குடிச்சாரு. எப்பவும் ஒரே ஒரு மங்கு.”

நான் கதவுக்கு வெளியே நின்று சொன்ன லிட்டர் கணக்கெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

அம்மா பிறப்பதற்கு முன்பே, 1947இல், கெடாவின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். காவல்துறையோடு மோதல் வரைக்கும் போனது. பாட்டி அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அம்மாவை வளர்த்திருக்கிறார். கள்ளுக்கடைக்கு எதிராக ஒரு கூட்டமே திரண்ட மண்ணிலிருந்து வந்தவர், தன் சமையல் மேடையில் பியருக்கான ஈஸ்ட் சுழல்வதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு நான் சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்துவிட்டு டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நிறுத்துற சுவிட்ச் எங்கடா?”

சுவிட்ச் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும்தான் இருந்தது. அதை எவ்வளவு குறைத்தாலும் காற்றாடி மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதைச் சொன்னேன்.

“அப்ப, நிறுத்தணும்கிற நெனப்பே உனக்கு வரல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மீண்டும் சிம் லிம் டவர் போனேன். சிவப்பு நிறத்தில் ஒரு சுவிட்ச் வாங்கி, டப்பாவின் முன்பக்கத்தில் துளைபோட்டுப் பொருத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டு அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை போட்டு நிறுத்திப் பார்த்தார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சட்டம் மாதம் 30 லிட்டர் என்கிறது. அம்மா, இரண்டு மாதத்துக்கு 10 லிட்டர் என்றார். தனியாக உட்கார்ந்து குடிக்கக் கூடாது. நண்பர்கள் வரும் நாளில் மட்டும். ஒவ்வொரு போத்தலிலும் எண் எழுத வேண்டும், எண்ணுவது அம்மாவின் வேலை. இந்த வயதில் அம்மா எண்ணுவதா என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அது சிறுமையாகத் தெரியவில்லை. கள்ளுக்கடை வாசலில் காத்திருந்த அந்தச் சிறுமிக்கு, உள்ளே எத்தனை மங்கு இறங்குகிறது என்று எண்ண வழி இருந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மாவே கேட்டார்: “பெட்டியில வச்சிருக்கியே, அந்த ஈஸ்ட் ஆப்பத்துக்கு ஆகுமா?” தோட்டத்தில் ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் கள் சேர்ப்பார்களாம். பாட்டி அந்தக் கடைப் பக்கம் நல்ல காரியத்துக்காக ஆள் அனுப்பியது அதற்கு மட்டும்தானாம். மேலே நின்ற சாற்றை வடித்துவிட்டு, அடியில் படிந்திருந்த ஈஸ்ட்டில் இரண்டு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். ஹாப்ஸ் சேர்க்காத சாறு என்பதால் கசப்பு இருக்காது.

காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கியிருந்தது. முதல் ஆப்பத்தை அம்மா பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“கள்ளு வாசம் இல்ல” என்றார். பிறகு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.