ஆற்றில் போட்ட காசு

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் கடைத்தெரு மெடிக்கலில் பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டு, பணம் கட்டப் போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். போகவில்லை. மறுபடியும் செய்தேன். கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று வந்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கடைக்காரத் தம்பி தெரிந்தவர், "அப்புறம் குடுங்க சார், என்ன இப்போ" என்று மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார். வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே குழப்பம். பென்ஷன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே!

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெசேஜ்களைப் பார்த்தேன். 29 ரூபாய், 79 ரூபாய், 159 ரூபாய் என்று ஆறு வாரத்தில் 38 தடவை பணம் போயிருந்தது. கூட்டிப் பார்த்தால் 3,022 ரூபாய். எனக்கு வரும் பி.எஃப். பென்ஷன் மாதம் 2,140 ரூபாய்தான். கிட்டத்தட்ட ஒன்றரை மாத பென்ஷன்! 38 தடவையும் மெசேஜ் வந்திருக்கிறது. படிக்காதது என் தவறு.

எடுத்தது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவைப்படவில்லை. போனில் பணம் அனுப்ப எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஏழாவது படிக்கும் என் பேரன்தான். ரகசிய எண் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"கேம் ஃப்ரீதான் தாத்தா. ட்ரெஸ்ஸுக்குத்தான் காசு."

"யாருக்குடா ட்ரெஸ்?"

"கேம்ல வர்ற ஆளுக்கு. துப்பாக்கிக்கும் கலர் வாங்கலாம்."

"அதைப் போட்டா நல்லா சுட முடியுமா?"

"இல்ல தாத்தா. சும்மா பாக்க நல்லா இருக்கும். ஒண்ணும் வாங்காம ஆடினா 'நூப்'னு சொல்லி டீமுக்குச் சேத்துக்க மாட்டாங்க."

அடிக்க ஓங்கிய கை அந்தக் கடைசி வாக்கியத்தில் இறங்கிவிட்டது. ஐந்தாவது படிக்கும்போது கிழிந்த டவுசரோடு கபடி ஆடப் போய், சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவன் நான். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வலியைக் காட்டி என்னிடம் யாரும் காசு பறிக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விளையாட்டுக்குக் காசு வாங்குவது தவறா என்று யோசித்தேன். இல்லை. நம் காலத்திலும் காசு கொடுத்துத்தானே விளையாடினோம்? மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள். கேரம் கிளப்பில் ஆட்டத்துக்கு இவ்வளவு. மாசி மகத்தில் ராட்டினத்துக்கு டிக்கெட். ராட்டினம் நின்றால் இறங்க வேண்டியதுதான். சட்டைப் பையில் எட்டணா இருந்தால் போகிற நஷ்டமும் எட்டணாதான்.

இன்னொன்றும் உண்மை. பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு ராப்பகலாகக் கம்ப்யூட்டர்கள் ஓட வேண்டும். மின்சாரம், ஆட்கள் சம்பளம் எல்லாம் இருக்கிறது. நம் ஊர் செராமிக் எஸ்டேட்டில் சொந்தச் சூளை இல்லாத சின்ன யூனிட்காரர்கள் சுடுகூலி கொடுத்து வேறு சூளையில் சரக்கைச் சுட்டுக்கொள்வார்கள். "சூளை சும்மா எரியுமா" என்று அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சரக்கு உள்ளே போகும் முன்பே கூலி எவ்வளவு என்று பேசிவிடுவார்கள். அது நியாயமான கட்டணம்.

வெளிநாட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளும் இப்படித்தான் இருந்தன. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்துக்கு மாதம் சுமார் 15 டாலர் சந்தா. அப்புறம்தான் "உள்ளே வர இலவசம், உள்ளே வந்தபின் கடை" என்ற முறை பரவியது. 2017இல் வந்த 'ஃபோர்ட்நைட்' சண்டை ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. உடையும் ஆட்டமும் விற்றே பெரும்பணம் சேர்த்தது. வேண்டாததைத் தெரியாமல் வாங்கும்படி பட்டன்களை அமைத்து ஆட்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தரச் சம்மதிக்க வைத்தது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கியதும் அந்தப் புகாரில் இருந்தது. படித்தபோது, என் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

இதில் உள்ள தந்திரத்தையும் பேரனே விளக்கினான். ரூபாய் கொடுத்து நேராக உடை வாங்க முடியாது. முதலில் ரூபாய்க்கு 'காயின்' வாங்க வேண்டும், அப்புறம் காயினுக்கு உடை. உடை 600 காயின் என்றால், விற்பது 500 காயின் கட்டாக இருக்கும். இரண்டு கட்டு வாங்கினால் 400 மிச்சம். மிச்சம் வீணாகக் கூடாதே என்று மறுபடி ஒரு கட்டு. இப்படிப் போகும்போது கையை விட்டுப் போவது ரூபாய் என்ற நினைப்பே பிள்ளைக்கு வராது. பெரியவர்களுக்கும் வராது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் செய்தியை நாம் எத்தனை முறை படித்திருப்போம். 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த அக்டோபரில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை அதில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 தொடக்கத்தில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை விதித்துச் சட்டம் போட்டது.

அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு நல்ல பாகுபாடு இருக்கிறது. பணம் கிடைக்கும் என்று நம்பிக் கட்டுவது பந்தயம், அது கூடாது. பொழுதுபோக்கு ஆட்டத்துக்குச் சந்தாவாகவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமாகவோ வாங்குவது கட்டணம், அது கூடும். சரிதான். ஆனால் என் பேரன் கட்டியது பந்தயமும் இல்லை, சந்தாவும் இல்லை. அவன் ஜெயித்துப் பணம் வாங்க ஆடவில்லை. சட்டையும் கலரும் வாங்கினான். பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கும் அந்த வலையில் இது விழாது.

மறுநாள் பேரனிடம், "இதுக்கு மாசம் அம்பது ரூபாய்னு எல்லார்கிட்டயும் வாங்கிட்டு, உள்ள எதையும் விக்காம இருக்கலாம்ல?" என்றேன். தீர்ப்புச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. அவன் யோசிக்காமல் திருப்பிக் கேட்டான்: "அப்போ காசு இல்லாத பசங்க எப்படி தாத்தா ஆடுவாங்க?"

அவனோடு ஆடும் ஒரு பையனின் அம்மா பொம்மை யூனிட்டில் தினக்கூலிக்கு வர்ணம் அடிக்கிறார். உடைந்த திரையுள்ள பழைய போன். மாதம் ஐம்பது ரூபாய் அந்த வீட்டில் யோசிக்க வேண்டிய தொகை. கதவிலேயே காசு கேட்டால் அவன் வெளியேதான் நிற்பான். கபடி ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தது போல. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் வேலை பார்த்தது ப்யூஸ் கேரியர் செய்யும் யூனிட்டில், 31 வருஷம். மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான், அதேதான். அதில் மெல்லிசான கம்பி ஒன்று இருக்கும். மின்சாரம் அளவுக்கு மீறினால் அது உருகி வீட்டைக் காப்பாற்றும். அடிக்கடி ப்யூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அப்புறம் ப்யூஸ் போகாது, வீடுதான் போகும்.

அதனால் இப்போது என் கருத்து இது. இலவசமா கட்டணமா என்பதைவிட, அதில் ப்யூஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சந்தாவில் ப்யூஸ் தானாக இருக்கிறது. மாதத்துக்கு அந்தத் தொகைக்கு மேல் போகாது. இலவச ஆட்டத்தில் அது இல்லை, 29 ரூபாயில் ஆரம்பித்தால் முடிவே கிடையாது. அதற்கும் ஒரு ப்யூஸ் போட முடியும். சீனாவில் 2019 முதல், 8 வயது முதல் 16 வயதுக்குள் உள்ள பிள்ளைகள் ஆன்லைன் ஆட்டங்களில் மாதம் 200 யுவானுக்கு மேல் செலவழிக்க முடியாது. 8 வயதுக்குக் கீழே செலவே கூடாது. எந்நேரம் ஆடலாம் என்பதில் அவர்கள் கெடுபிடி நமக்கு ஒத்துவருமோ என்னவோ, இந்த உச்சவரம்பு நமக்கும் வேண்டும். கூடவே, காயின் கணக்கு வேண்டாம், விலையை ரூபாயில் எழுது என்றும் சொல்ல வேண்டும். ஏழைப் பையன் உள்ளே வரலாம், என் பேரனும் அளவோடு நிற்பான்.

நண்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேரனுக்கு முன்னால் அந்த இலவசத்தை அனுபவித்தவன் நான். "இலவசம்தானே" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன். அவன் என்ன ஆடுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன். அவன் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. இனி மாதம் நூறு ரூபாய் நோட்டாக அவன் கையில் கொடுப்பேன். பரோட்டா வாங்கலாம், கேமுக்கு வேண்டுமென்றால் என்னிடம் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் எதிரிலேயே கட்டலாம். முதல் மாதம் நோட்டை வாங்கிப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தான். பதினைந்து நாள் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. நோட்டு என்றால் மனசு வரவில்லை போலிருக்கிறது.

சுந்தரர் நம் திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இறைவன் துணை. என் 3,022 ரூபாய் எந்தக் குளத்திலும் மிதக்காது. நீங்கள் இன்று ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பேங்க் மெசேஜ்களைப் படித்துவிடுங்கள். பேரனோ பேத்தியோ போனில் ஆடிக்கொண்டிருந்தால், திட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது எப்படிடா ஆடறது" என்று கேட்டுப் பாருங்கள்.