கன்சோல் எழுதும் செய்திகளைப் படித்துப் பழகுவோம்

கணினி பழுதடைந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், "நேற்று வரை நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது" என்பதாகும். ஆனால் பல வேளைகளில் அந்த இயந்திரம் நாட்கணக்கில் தன் நோவை எழுதிக்கொண்டே இருந்திருக்கும். அந்த எழுத்து எங்கே சேர்கிறது, அதை எவ்வாறு காண்பது என்பதை நம் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம் எனக் கருதி, எங்கள் இல்லத்து அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் வீட்டில் லினக்ஸ் இயங்கும் மேசைக் கணினி ஒன்று உண்டு. மர்ஹூம் வாப்பா அவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளும், கடல் கடந்து வாழ்ந்த நாட்களில் உம்மாவுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களின் படங்களும் அதன் வன்தட்டில்தான் இருந்தன.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் உழைப்பில் உருப்பெற்றது. அந்நாளில் கணினியோடு பேசுவதற்கு டெலிடைப் எனும் தட்டச்சு இயந்திரமே பயன்பட்டது. கணினியைப் பராமரிப்பவர் அமரும் முனையத்திற்குக் கன்சோல் என்று பெயர். இயங்குதளம் தான் கண்ட குறைகளை அங்கிருந்த காகிதச் சுருளில் அச்சிட்டது. அச்சடிக்கும் ஓசையே அருகிலிருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைத்துவிடும்.

1984-இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எக்ஸ் விண்டோ எனும் சாளர முறை பிறந்தது. திரை முழுவதையும் வண்ணச் சாளரங்கள் நிறைத்துக்கொள்ள, கன்சோல் செய்திகள் அவற்றின் பின்னால் மறைந்தன. அவற்றை மீண்டும் கண்முன் கொணரவே எக்ஸ்கன்சோல் எனும் சிறு நிரல் எழுதப்பட்டது. கன்சோலுக்குச் செல்லும் வரிகளைப் பிடித்து ஒரு சிறு சாளரத்தில் காட்டுவதே அதன் பணி.

இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இச்செய்திகள் ஜர்னல் எனும் பதிவேட்டில் சேர்கின்றன. ஜர்னல்சிடிஎல் எனும் கட்டளையோடு சிறிய எஃப் எனும் தெரிவைச் சேர்த்தால், புதிய வரிகள் எழுத எழுத நம் கண்முன் ஓடும். டிமெசெக் எனும் கட்டளை, இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுதியவற்றைக் காட்டும். அதன் வரிகளின் தொடக்கத்தில் உள்ள எண், கணினி தொடங்கியது முதல் கழிந்த நொடிகளைக் குறிக்கும். கெர்னலின் அந்த நினைவிடம் அளவானது. நிரம்பியதும் பழைய வரிகள் அழிந்து புதியவை அமரும். ஆகவே காலம் தாழ்த்திப் பார்ப்பவருக்கு முதல் எச்சரிக்கை கிடைக்காமலும் போகலாம்.

எங்கள் தம்பி இத்தகைய சாளரம் ஒன்றைத் திரையின் மூலையில் எப்போதும் திறந்தே வைத்திருப்பார். ஓர் இரவு, இஷாவுக்குப் பின், 'ஐ.ஓ. எரர்' எனும் சொல்லோடு வன்தட்டின் பெயரும் ஒரு செக்டர் எண்ணும் அதில் தோன்றின. சற்று நேரத்தில் மீண்டும் தோன்றின. திரையின் மற்றப் பகுதியிலோ ஒரு குறையும் தெரியவில்லை. படங்கள் திறந்தன, சிறிது தாமதத்துடன். ஸ்மார்ட்சிடிஎல் எனும் கருவியால் வன்தட்டைச் சோதித்தோம். வாசிக்க இயலாத செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

பழுது நீக்க முயலாமல், முதலில் பிரதி எடுப்பது என்று முடிவு செய்தோம். மறுநாள் புதிய வன்தட்டு வாங்கி, டிடிரெஸ்க்யூ எனும் நிரலை ஓடவிட்டோம். எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றிற்குப் பின்னர் திரும்பி வருவது அதன் முறை. விடியும் வரை அது ஓடியது. கடிதங்கள் அனைத்தும் கிடைத்தன. ஒலிப்பதிவுகளில் ஒன்று மட்டும் பாதியிலேயே நின்றுபோனது. மற்றவற்றில் வாப்பா எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலை உம்மா இன்றும் கேட்கின்றார்கள். சில வாரங்களில் பழைய வன்தட்டு முற்றிலும் ஓய்ந்தது.

கன்சோலில் ஓடும் ஒவ்வொரு வரியையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. யூனிக்ஸ் உலகின் சிஸ்லாக் முறை, செய்திகளை 0 முதல் 7 வரை 8 நிலைகளாகப் பிரிக்கிறது. 0 பெரும் அவசரம், 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 நிரல் எழுதுவோருக்கான நுண்தகவல். கணினி நலமாக இருக்கும் நாளிலேயே அதன் வழக்கமான வரிகளைப் படித்துப் பழகினால், வழக்கத்திற்கு மாறான வரி தானாகவே கண்ணில் படும். வன்தட்டின் பெயரோடு பிழைச்சொல் திரும்பத் திரும்ப வருமாயின், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பிரதி எடுக்க முற்படுங்கள்.

எந்த எச்சரிக்கையும் தராமல் ஓய்ந்துவிடும் வன்தட்டுகளும் உண்டு. எனவே மூத்தோரின் குரலோ கையெழுத்தோ ஒரே ஒரு வன்தட்டில் இருக்குமாயின், இவ்வாரமே இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் உள்ள உறவினரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.