டொச் வகுப்பில் தமிழுக்கும் இடம் வேண்டும்

ஜேர்மனிக்கு வரும் ஈழத்தமிழர் எவரும் டொச் எனப்படும் ஜேர்மன் மொழி வகுப்புக்கு வெறுங்கையோடு போவதில்லை. வீட்டில் பேசிய தமிழ் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இருக்கிறது. சிலருக்குச் சிங்களமும் சேர்ந்திருக்கும். 2005இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் 600 பாடவேளை மொழி வகுப்பைக் கொண்டுவந்தது. 2007 முதல், கணவனிடமோ மனைவியிடமோ வந்து சேர்வதற்கே பெரும்பாலும் ஏ1 என்ற தொடக்கநிலை டொச் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். அதனால் பலருக்கு டொச், விமானம் ஏறுவதற்கு முன்பே, கொழும்பிலோ சென்னையிலோ தொடங்கிவிடுகிறது. அங்கும் இங்கும் காதில் விழும் அறிவுரை ஒன்றுதான்: ஆங்கிலம் தெரிந்தால் டொச் லேசு, தமிழில் யோசிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இதன் முதற்பாதி ஓரளவு சரி. பிற்பாதி தவறு என்பதோடு, கற்பவரின் கையிலிருக்கும் நல்ல கருவியையும் பறித்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் உதவியை யாரும் மறுக்க முடியாது. ஆங்கிலமும் டொச்சும் ஒரே ஜெர்மானியக் குடும்பம். வீடு, கை, தண்ணீர், புத்தகம் என்று அன்றாடச் சொற்களில் பாதி தூரம் முன்பே கடந்ததுபோல் இருக்கும். ஆங்கிலத்துக்குப் பின் டொச் கற்பிக்கும் முறையைப் பிரித்தா ஹூஃபைசன் போன்ற அறிஞர்கள் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் சொல் தெரிந்தவருக்கு வாக்கியம் வந்துவிடுவதில்லை. 'அவர் நாளைக்குப் பேர்லினுக்கு வர வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்பதை டொச்சில் சொல்லிப் பாருங்கள். 'டஸ்' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் வருவது: 'ஏர் மொர்கன் நாஹ் பேர்லின் கொம்மன் முஸ்'. அவர், நாளைக்கு, பேர்லினுக்கு, வர, வேண்டும். காலம் முன்னே, இடம் பின்னே, வினை கடைசியில், வேண்டும் என்பது அதற்கும் கடைசியில். தமிழின் அதே வரிசை. ஆங்கிலத்திலோ 'வேண்டும்' எழுவாயை ஒட்டி நிற்கும், இடம் முந்தும், காலம் பிந்தும். இந்தத் துணைவாக்கியத்தில்தான் ஆங்கிலம் வழியாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

இதுபோல இன்னும் உண்டு. குளிர்கிறது என்பதைத் தமிழராகிய நாம் 'எனக்கு' என்றே தொடங்குவோம்; டொச்சும் 'மீர்' என்று நான்காம் வேற்றுமையில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தைப் பின்பற்றி 'இஷ் பின் கல்ட்' என்று சொன்னால், நான் ஈவிரக்கமற்ற ஆள் என்பதாகக் கேட்பவருக்குப் படலாம். ஒலியிலும் அப்படியே. 'ஒஃபன்' என்றால் திறந்த, 'ஓஃபன்' என்றால் அடுப்பு. 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதை அரிச்சுவடியிலேயே படித்த காதுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிறகு ஏன் கற்பவர்கள் தமிழை நாடுவதில்லை? அறிவுரை ஒரு காரணம். மனம் இயங்கும் விதம் இன்னொன்று. சாரா வில்லியம்ஸும் பியோர்ன் ஹமர்பெர்க்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு டொச்சும் கற்ற ஒருவர் சுவீடிஷ் பழகினார். புது மொழியில் பேசும்போது அவர் வாக்கியத்துக்குள் தன்னையறியாமல் பெரும்பாலும் நுழைந்தது தாய்மொழி அல்ல, முன்பு கற்ற டொச்தான். காமில்லா பார்டெலும் யில்வா ஃபல்க்கும் 2007இல் எதிர்மறைச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று ஆராய்ந்து, அங்கும் இரண்டாவதாகக் கற்ற மொழியே முந்துகிறது என்றார்கள். இவை ஐரோப்பிய மொழிகளைப் பற்றியவை, தமிழுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜேசன் ராத்மன் போன்றோர், முந்துவது கற்ற வரிசையால் அல்ல, மொழிகளின் ஒட்டுமொத்த ஒற்றுமையால் என்று வாதிடுகிறார்கள். ஆனால் எந்த விளக்கத்தை ஏற்றாலும் தமிழர் விஷயத்தில் விடை ஒன்றே: ஆங்கிலம் இரண்டாவதாகக் கற்றதும் கூட, டொச்சுக்கு நெருக்கமானதும் கூட. ஆகவே அது கேட்காமலே முன்னே வந்து நிற்கும், வேண்டாத இடத்திலும். தமிழை நாமே கூப்பிட்டால்தான் வரும்.

தமிழும் தவறுக்கு இழுக்கும் என்பது உண்மை. பெயர்ச்சொல்லுக்குமுன் நிற்கும் 'டேர், டீ, டஸ்' தமிழில் கிடையாது. 'ப'வுக்குள் இரண்டு ஒலிகளை அடக்கும் எழுத்துமுறையோடு வளர்ந்தவருக்கு 'பக்கன்' என்பது ரொட்டி சுடுவதா, பெட்டி கட்டுவதா என்ற குழப்பம் வரும். 'இன்றைக்கு' என்று தொடங்கினால் டொச்சில் அடுத்து வினை வர வேண்டும். தமிழும் ஆங்கிலமும் 'நான்' என்றே தொடரச் சொல்லும், இரண்டுமே அங்கே கைகொடுக்கா. தமிழ் எல்லாவற்றுக்கும் மருந்து என்பதல்ல என் வாதம். எந்த இடத்தில் எந்த மொழியைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பல நாட்டவர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் தமிழ் கற்றுக்கொண்டு வரவா முடியும் என்பார்கள். வேண்டியதில்லை. ஒப்பிடுவதைக் குற்றமாகப் பார்க்காமல், கற்பவரைத் தன் மொழியோடு பொருத்திப் பார்க்க ஆசிரியர் விட்டாலே போதும். மீதியை இங்குள்ள நம்முடைய தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் செய்யலாம்: இரு மொழி வாக்கிய அமைப்பையும் அருகருகே வைத்த ஒரு சிறு கையேடு, புதிதாக வருபவர்களுக்கு. அது வரும்வரை பி1 என்ற இடைநிலைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொல்லைத் தேடும்போது ஆங்கிலத்தைக் கேளுங்கள்; துணைவாக்கியம் எழுதும்போது தமிழைக் கேளுங்கள்.