வாப்பாவின் ரெக்கோட்டுகளும் டீவிப் பெட்டி அட்டையும்

வாப்பாவின் ரெக்கோட்டுகளை விற்கிறோம் என்று போட்ட பதிவைப் பார்த்துப் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், தபாலில் உடையாமல் எப்படி அனுப்புறீங்க?"

உண்மையைச் சொன்னால், முதலாவதை உடைத்துத்தான் அனுப்பினோம்.

அது மட்டக்களப்பில் ஓர் ஐயா வாங்கிய பழைய 78 தட்டு. பத்திரிகைத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றி, பிஸ்கட் பெட்டியில் வைத்து, ராத்தாவும் நாங்களும் பெரிய வேலை செய்த மாதிரி கண்டித் தபாற் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தோம். நாலாம் நாள் கோல் வந்தது. "தம்பி, நாலு துண்டா வந்திருக்கு." அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாப்பா மௌத்தாகும்போது இருந்த கடனை அடைக்கத்தான் இந்த விற்பனை. ராத்தா ஒரு கொப்பியில் கடன்களை எழுதி, காசு சேரச் சேர ஒவ்வொன்றாக வெட்டி வருகிறா. ஐயாவுக்குக் காசைத் திருப்பி அனுப்பிய அன்று, வெட்டிய ஒரு வரியைத் திரும்பவும் எழுத வேண்டி வந்தது. காசு வாங்கிய நிமிடத்திலிருந்து அந்தத் தட்டு எங்களுடையதல்ல, எங்கள் கையில் இருக்கும் அமானிதம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகுதான் தேடிப் படித்தோம். 78 தட்டு அரக்கில் செய்தது. வளையல் செய்கிற, கடிதத்துக்கு முத்திரை வைக்கிற அதே அரக்கு. பீங்கான் கோப்பை மாதிரி, விழுந்தால் போச்சு. 1948இல் வந்த எல்பி வைனில் பிளாஸ்டிக். அது லேசில் உடையாது, ஆனால் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கிடந்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

எல்பிக்கு உண்மையான ஆபத்து அதன் கவர்தான். தட்டைக் கவருக்குள்ளேயே விட்டு அனுப்பினால், வழியில் ஒரு குலுக்கலில் தட்டின் விளிம்பே கவரின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் தட்டை உள்தாள் உறையோடு வெளியே எடுத்து, கவருக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பொலித்தீன் உறையில் போடுகிறோம். கண்டி மழைக்கும் அது நல்லது. தட்டு 12 அங்குலம், அட்டை 13 அங்குலம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அட்டை, ஒன்றின் நெளிவு நெடுக்காக என்றால் மற்றதன் நெளிவு குறுக்காக. அப்படி வைத்தால் எந்தப் பக்கமும் மடியாது. சுற்றிவர அரை அங்குலம் மிச்சம் இருப்பதால், பொதி மூலைகுத்தி விழுந்தாலும் அடி வெறும் அட்டைக்குத்தான். பபிள் ரெப்பைத் தட்டில் படவிடக் கூடாது, குமிழ் அடையாளம் விழும்.

78 என்றால் இரண்டு அட்டைக்கு நடுவில் அசையாமல் இறுக்கி, அதை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, இடைவெளி முழுக்கக் கசக்கிய தாள். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். சத்தம் கேட்டால் திரும்பப் பிரிப்போம்.

வெளியே பிரவுண் பேப்பர். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போட்ட கை, மூலை மடிப்பைச் சொல்லித் தரத் தேவையில்லை. டேப்பின் நுனியை மடித்துவிடுகிறோம், வாங்குபவர் கத்தி வைக்காமல் இழுத்துத் திறக்கலாம். உள்ளே ராத்தாவின் கையெழுத்தில் ஒரு சின்னத் துண்டு: வாப்பா இதை எங்கே வாங்கினார், எந்தப் பக்கத்தை அதிகம் போடுவார் என்று. குருநாகலில் மொஹிதீன் பேக்கின் சிங்களப் பாட்டுத் தட்டை வாங்கிய ஒருவர், தட்டை விட அந்தத் துண்டைத்தான் படம் எடுத்து அனுப்பினார். மூன்று மொழியில் "வளைக்க வேண்டாம்" என்றும் எழுதுகிறோம். எழுதி என்ன, மூட்டையோடு மூட்டையாகத்தான் போகும். நம்பிக்கை அட்டையில்தான்.

மட்டக்களப்பு ஐயா இரண்டாவது தட்டுக் கேட்டிருக்கிறார், நாகூர் ஹனீபாவினது. வாப்பா சுபஹுக்குப் பிறகு போடுவது அதைத்தான். ராத்தா இன்னும் சரி சொல்லவில்லை.

இந்தக் கிழமை ஏழு பொதி போக வேண்டும், அட்டை முடிந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் பழைய டீவி, பிரிட்ஜ் பெட்டி இருந்தால் எறியாமல் ஒரு மெசேஜ் போடுங்கள். நனையாததாக இருக்கட்டும். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.