சுடுதற்கேற்ற கிழங்கு

கிறிஸ்து பிறப்பு நாளில் அதிகாலை ஆராதனை முடிந்து, இருள் பிரியுமுன் யாம் வீடு திரும்புங்கால், எம் ஆயா தோட்டத்து விறகடுப்பின் சாம்பலைக் கிளறிக்கொண்டிருப்பார். முதல்நாள் இரவே தணலின் ஓரத்தில் புதைத்த வள்ளிக்கிழங்குகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு முறத்தில் அமரும். தோல் கருகியிருக்கும், பிட்டால் ஆவி பறக்கும். பலகாரங்களும் புத்தாடையும் அதற்குப் பின்னரே. எமக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இவ்வழக்கம் ஒரே ஓர் ஆண்டுதான் தவறிற்று. தவறியதற்குக் காரணர் யாமே.

எமது ஊர் காட்டுமன்னார்கோயில். முதற் பராந்தக சோழனது சிறப்புப் பெயரால் வீரநாராயணன் ஏரி எனப்பட்டு, நாளடைவில் வீராணம் என மருவிய பேரேரியின் நீர் பாயும் பகுதி இது. நெல்லுக்கு உகந்த களிமண். கிழங்குக்கோ அது பகை. நனைந்தால் பசையாய் இறுகும், காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் வானம் திறந்துகொண்டால், எம் தோட்டத்தில் கிணற்றடி மேடு ஒன்றன்றிப் பிறவெல்லாம் நீரில் நிற்கும். அம்மேட்டில் எம் தந்தையார் முன்னொரு காலத்தில் கொள்ளிடத்து மணலை வண்டியிற் கொணர்ந்து கொட்டினாராம். ஆண்டுதோறும் அடுப்புச் சாம்பலும் ஆட்டெருவும் சேர்த்து, ஆயா அதைப் பொலபொலப்பாக்கி வைத்திருந்தார். கட்டில் நான்கு போட்டால் நிறைந்துவிடும் இடமே அது.

விடுதியில் எம் அறைத்தோழர் குன்னூரினர். குளிர்நாளில் தம் வீட்டார் உருளைக்கிழங்கைத் தோலுடன் தணலிலிட்டுச் சுடுவதையும், அது பிளந்து மாவாய் உதிர்வதையும், வெண்ணெய் இட்டு உண்பதையும் அவர் சொல்லச் சொல்ல எமக்கு நா ஊறிற்று. சுடுவதற்கு வேண்டியது நீர் குறைந்து மாவு மிகுந்த கிழங்கே என்றும், குழம்பில் கரையாது நிற்கும் வழவழப்பான சாதி சுடுதற்கு உதவாதென்றும் அவரிடமே கற்றோம். உதகைப் பக்கத்தில் 1820க்கு மேற்பட்ட ஆண்டுகளில் கலெக்டர் சல்லிவன் துரை உருளைக்கிழங்கைப் பயிர்செய்வித்த வரலாற்றையும், சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968இல் வெளியிட்ட குப்ரி ஜோதி என்னும் சாதியையும் அவர் எடுத்துரைத்தார். குப்ரி என்பது சிம்லாவை அடுத்த ஓர் ஊர். அங்குப் பிறந்த பெயரையே பிள்ளைகள் எல்லாம் தாங்குகின்றன.

விதைக்கிழங்கை நீலகிரியிலிருந்தே வருவிக்கலாமா என்றோம். ஆகாதென்றார். வேரைத் தின்னும் நுண்புழு ஒன்று 1961இல் அம்மலை நிலங்களிற் கண்டுபிடிக்கப்பட்டமையால், அங்குள்ள விதைக்கிழங்கைப் பிறவிடம் கொண்டு செல்வது முறையன்று என விளக்கினார். ஆகவே, சிதம்பரம் கடைத்தெருவில் முளை அரும்பிய கிழங்காகப் பார்த்து மூன்று கிலோ பொறுக்கினோம். சாதி யாதென்று வினவியபோது, "உருளைக்கிழங்கு சாதிதான் தம்பி" என்றார் கடைக்காரர்.

தீபாவளி விடுமுறையில் வீடு சென்றபோது, மேட்டின்மேல் ஆயா ஆவணியில் நட்ட வள்ளிக்கொடி இலை தெரியப் படர்ந்திருந்தது. வேறு இடமில்லை. தயங்கித்தான் கேட்டோம். ஆயா எம்மையும் கொடியையும் சிறிது நேரம் பார்த்தார். "படிச்ச பிள்ளை சொல்லுற, பிடுங்கிக்கோ" என்றார். அந்தச் சொல்லை இசைவென்று கொண்டோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் குறிப்புப் பொருளைப் பற்றி ஏடு ஏடாய் எழுதுகின்ற யாம், அந்த ஒரு பார்வையின் பொருளை உணரவில்லை. விரல் பருமனிருந்த பிஞ்சு வேர்களோடு கொடி முழுவதையும் பிடுங்கி ஆடுகளுக்கு இட்டோம்.

உருளைச்செடி முளைத்தது, இலையும் தண்டும் கண்ணுக்கு நிறைவாய் உயர்ந்தன. கார்த்திகை மழையில் பாதி அழுகிற்று. எஞ்சிய செடிகளைத் தை இறுதியில் தோண்டியபோது நெல்லிக்காய் அளவில் ஒருபிடி கிடைத்தது. சுட்டதில் தோலும் கரியுமே மிஞ்சின. காரணத்தைப் பின்னரே படித்தறிந்தோம். உருளைக்கிழங்கு திரள்வதற்கு இரவு குளிர வேண்டும். இரவின் வெப்பம் 20 பாகைக்கு மேற்படுமாயின், செடி தான் ஆக்கிய உணவை மண்ணுக்குள் சேமியாது இலைக்கும் தண்டுக்குமே செலவிடும். எம் ஊரில் மார்கழியிலும் அத்தகைய குளிர் அரிது. வெப்பம் தாங்குவதற்கென்றே குப்ரி சூர்யா என்னும் சாதியும் உண்டாம். தேர்ந்தெடுப்பதாகப் பெருமை பேசிய யாம் அதை அன்று தேடவேயில்லை.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புக் காலையில் அடுப்பில் வெந்நீர் மட்டும் காய்ந்தது. கடையில் கிழங்கு வாங்கட்டுமா என்றதற்கு, "அது வேற கொடி" என்று மட்டும் ஆயா மொழிந்தார்.

வேறு கொடி என்னும் அச்சொல் எம்மை நெடுநாள் அரித்தது. வள்ளிக்கொடியை விதையிட்டு வளர்ப்பார் இல்லர். சென்ற ஆண்டுக் கொடியின் துண்டே இவ்வாண்டுப் பயிர். இடையில் ஓராண்டு அறுந்தால் அந்தக் கொடி அறுந்ததே. தம் தாய்வீட்டிலிருந்து மணமாகி வருகையில் ஆயா கொணர்ந்தது அது என்பதை எம் தந்தையார் வாயிலாக அப்போதுதான் கேள்வியுற்றோம். பறம்புமலையில் உழாது விளைவன நான்கனுள் வள்ளிக்கிழங்கும் ஒன்றெனக் கபிலர் பாடியதைத் தேர்வுத்தாளில் விரித்தெழுதி மதிப்பெண் பெற்றவர் யாம். அந்த வள்ளி காட்டில் தானே விளைவது. ஆயாவின் சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிக் கடல் கடந்து வந்து பழம்பெயரைப் பெற்றது. இவ்வேறுபாடெல்லாம் தெரிந்திருந்தது, கிணற்றடியில் இருந்த கொடி எதுவென்பது தெரிந்திலது.

ஈடு செய்யப் பல சாதிகளை ஆராய்ந்தோம். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டவற்றுள் ஸ்ரீ கனகாவும் பூ சோனாவும் உள்ளே செம்மஞ்சள் நிறத்தன. கண்ணுக்கு நலம் தரும் கரோட்டின் மிக்கன. பூ கிருஷ்ணா ஊதா நிறத்தது. குழந்தைகள் உள்ள வீட்டார் இவற்றைப் பயிரிடுதல் நன்றென்றே கருதுகின்றோம். ஆயினும் செம்மஞ்சட் கிழங்குகள் பெரும்பாலும் ஈரம் மிக்கவை. ஆயா வேண்டுவதோ பிட்டால் மாவாய் உதிர்வது. கடைக்கிழங்கு ஒன்றையும் சுட்டுப் பார்த்தோம். நாரும் நீருமாய்க் குழைந்தது.

சித்திரையில் ஒருநாள், கொள்ளிடக்கரையில் வாழும் சின்ன ஆயாவின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, வாழைக்கன்றுகளின் நடுவே சிவந்த காம்பும் பிளவுபட்ட இலையும் உடைய கொடியொன்று எம் கண்ணிற் பட்டது. "உங்க ஆயா கொடுத்ததுதான்; எங்க கலியாணத்துக்கு அடுத்த வருஷம்" என்றார் சின்ன ஆயா. எமக்கு நின்ற இடத்திலேயே கால் தளர்ந்தது. கொடியின் நுனிப்பகுதியாகப் பார்த்து ஒருசாண் நீளத் துண்டுகளை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டையில் கட்டிக் கொணர்ந்தோம்.

ஆயா ஒன்றும் கேட்கவில்லை. காம்பை நகத்தாற் கீறிப் பாலைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னார். ஆவணிவரை அக்கொடி பாத்திரம் கழுவும் நீரிலேயே உயிர் வைத்திருந்தது. பின்பு மேட்டிற் பார் பிடித்து நட்டோம். படரும் கொடி கணுதோறும் வேர்விட்டால் கிழங்கு சிறுக்குமாதலின், இடையிடையே தூக்கிப் புரட்டினோம். மண் வெடித்த இடத்தில் கூன்வண்டு நுழையாதபடி மண் அணைத்தோம். விடுமுறைதோறும் எமக்கு இதுவே வேலை.

திருநாளுக்கு ஐந்து நாள் முன்பு அகழ்ந்து நிழலில் உலர்த்தினோம். சுடுவதை ஆயாவே செய்தார். மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடக்குங்கால், கிழங்கிலுள்ள ஒருவகை நொதி மாவைச் சர்க்கரையாக்குகின்றது என்பர் அறிவியலார். கொதிநீரில் விரைந்து வெந்த கிழங்கு அத்துணை இனியாமை இதனாலேயே. ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம், தணலின் நடுவே வைக்கலாகாது, ஓரத்தில் வைத்துச் சாம்பலால் மூடவேண்டும் என்பதே.

ஆராதனை முடிந்து வந்தோம். ஆயா ஒன்றைப் பிட்டு, ஒரு பாதியை எம் கையில் வைத்து, மற்றதைத் தாம் சுவைத்தார். யாம் அவர் முகத்தையே நோக்கி நின்றோம்.

"இன்னும் ரெண்டு நாள் நிழல்ல கிடந்திருக்கணும்" என்றார்; பிறகு மற்றொன்றை எடுத்தார்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் கொடியை மூன்று கட்டாகக் கட்டினோம். ஒன்று அடுத்த வீட்டிற்கும், ஒன்று போதகர் வீட்டிற்கும் போயிற்று. மூன்றாவது, விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறத்தில், குழாய் நீர் வழியும் இடத்தில் இப்போது வேர் பிடித்திருக்கின்றது.