விலையும் முறையும்

‘பிளாக்’ என்னும் சொல் நம் தலைமுறையினர்க்குத் திரையரங்கின் வாயிலை மட்டும் நினைவூட்டுவதன்று. சர்க்கரையும் சிமென்ட்டும் மண்ணெண்ணெயும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்றுண்டு. ஸ்கூட்டரும் அவற்றுள் ஒன்றாயிருந்தது என்றால் இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கின்றனர். ஆயினும் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று வண்டி விற்பனை நிலையத்தில் பணிபுரிபவர், அப்பழைய நோயின் புதிய வடிவம் பற்றிய மஸ்அலா ஒன்றோடு அண்மையில் நம்மிடம் வந்தார். அதனை விளக்குமுன் பழைய கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

விடுதலைக்குப் பின் எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமமே வரையறுத்தது. தேவை பெருகிய வேகத்தில் உற்பத்தி பெருகவில்லை. 1959இல் கார்களுக்கும், 1960இல் ஸ்கூட்டர்களுக்கும் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறந்தன. 1969இல் அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களுக்கு அரசே விலை கட்டியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1972இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. முறை வந்து வண்டியை எடுத்தவர் அதைக் கடை வாசலிலேயே விற்றாலும், கொடுத்த விலைக்கு மேல் ஒரு கணிசமான தொகை கைக்கு வரும். அம்மேல்தொகைக்குப் ‘பிரீமியம்’ என்று கௌரவமான பெயர் வழங்கிற்று. அந்நியச் செலாவணி அனுப்புவோர்க்குத் தனி ஒதுக்கீடு இருந்தமையால், பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு வண்டி விரைவில் வந்து சேரும். அது சட்டம் வகுத்த வழியாதலால் காத்திருந்தவர்கள் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டனர்.

மஞ்சக்குப்பத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த நம் தந்தையார் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தபோது நாம் ஆரம்பப் பள்ளியில் இருந்தோம். முறை வந்தபோது மதரஸாவில் நஹ்வு ஓதிக்கொண்டிருந்தோம். ஒதுக்கீட்டுக் கடிதம் வந்து சேருமுன்பே தரகர் ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். கடிதத்தைக் கைமாற்றினால் தந்தையாரின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை தருவதாகச் சொன்னார். அக்காவின் திருமணத்துக்கு நகை சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தந்தையார் இரண்டு நாள் யோசித்தார். பின்னர் வண்டியையே எடுத்தார். காரணம் கேட்ட தாயாரிடம் அவர் சொன்னது இது: “என் முறையை நான் விற்றால் அது என் பாடு. ஆனால் எனக்கு வரும் கடிதம் எனக்கு முன்னே தரகருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே இருக்கும் எவனோ ஒருவன் பிறர் முறையை விற்றுக்கொண்டிருக்கிறான். அவனோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.”

1983 டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி கார் தில்லியில் ஒப்படைக்கப்பட்டது. 50 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னான விலையுடைய அக்காருக்கு, 10 ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தோர் இலட்சத்தைக் கடந்தனர். அதற்கும் பிரீமியம் பிறந்தது. 1991இல் தொழிற்கொள்கை மாறிற்று. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெறவேண்டும் என்ற கட்டுப்பாடும் நீங்கிற்று. வண்டிகள் பெருகின, காத்திருப்பு ஒழிந்தது, பிரீமியமும் ஒழிந்தது என்றே அனைவரும் எண்ணினர்.

அது ஒழியவில்லை, சாமானியரின் வண்டியை விட்டு, ஆசைக்குரிய வண்டிகளுக்கு இடம் பெயர்ந்தது. 2021 அக்டோபர் 7ஆம் நாள் மகிந்திரா நிறுவனத்தின் எக்ஸ்யூவி 700 என்னும் வண்டிக்குப் பதிவு தொடங்கியபோது, முதல் 25 ஆயிரம் இடங்கள் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பின. பதிவு செய்தவர் பலர் பல மாதங்கள் காத்திருந்தனர். உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பொருள் குறைந்து விருப்பம் மிகுமிடத்தில் மேல்தொகை கேட்கும் கை தானாகவே நீளும்.

இது நம் நாட்டுக்கே உரிய நோயுமன்று. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு ஒட்டப்பட வேண்டும். அச்சீட்டில் உள்ளது உற்பத்தியாளர் ‘பரிந்துரைக்கும்’ விலையே. விற்பனையாளரை அது கட்டுப்படுத்தாது. பெரும்பாலான மாநிலங்களின் சட்டங்கள், முகவர்களை உடைய தொழிற்சாலை அவர்களை விலக்கிவிட்டு நேரே விற்பதையும் தடுக்கின்றன. எனவே புதிய பந்தயத் திறன் கொண்ட கார் வெளிவந்ததும், விற்பனையாளர் முதற்சீட்டின் பக்கத்திலேயே இரண்டாம் சீட்டு ஒன்றை ஒட்டுகிறார். ‘சந்தை நிலவரத் திருத்தம்’ என்று அதற்குப் பெயர். 2019இல் ஷெவர்லே நிறுவனம் புதிய கார்வெட் காரை 60 ஆயிரம் டாலருக்குள் தொடக்க விலை வைத்து அறிமுகம் செய்தது. அது கடைக்கு வந்தபோது அதற்கு மேல் பல்லாயிரம் டாலர் கேட்ட விற்பனையாளர்கள் இருந்தனர். போர்டு நிறுவனம் தன் ‘ஜிடி’ காரை வாங்குவோரை விண்ணப்பத்தின் வழியே தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு விற்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. அதை மீறி விற்றதாக நடிகரும் மல்யுத்த வீரருமான ஜான் சீனா மீது 2017இல் வழக்கே தொடுத்தது. மறுநாளே இலாபத்துக்கு விற்பவரைத் தடுக்க அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இனி நம் மாணவரின் மஸ்அலாவுக்கு வருவோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட சாலையில் உள்ள விற்பனை நிலையம் ஒன்றில், பதிவு வரிசையைக் கணினியில் வைத்துக் காப்பது அவர் பணி. விசை மிகுந்த புதிய வண்டி ஒன்று வெளிவந்திருந்தது. வரிசையில் நாற்பதாவதாக இருந்த ஒருவரை மூன்றாமிடத்துக்கு மாற்றுமாறு மேலாளர் சொன்னார். அவரிடம் பெற்ற மேல்தொகை, வண்டிக்கான துணைப் பொருள்கள் என்ற பெயரில் இரசீதில் ஏறியது. காத்திருப்பவர்கள் கேட்டால், “கம்பெனியிலிருந்து வண்டி வரவில்லை” என்று சொல்ல வேண்டும் என்பது கட்டளை. காத்திருந்தவருள் ஒருவர் நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகனின் நெடுநாள் ஆசைக்காகப் பதிவு செய்தவர். வாரந்தோறும் பேருந்தில் வந்து விசாரித்துப் போகிறவர். “ஹஜ்ரத், என் சம்பளம் ஹலாலா?” என்று மாணவர் கேட்டார். வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கும் நிலையில் கேட்ட கேள்வி அது.

இதற்கு விடை காண்பதில் அவசரம் கூடாது. அதிக விலை என்பதே பாவம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஷரீஅத் அவ்வாறு சொல்லவில்லை. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் வேண்டியும் பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பது அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் காணும் செய்தி. இலாபத்துக்கு இத்தனை விழுக்காடு என்ற எல்லையும் விதிக்கப்படவில்லை. நம் சமுதாயத்தின் பழைய வணிகமே இதற்குச் சான்று. பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகளைக் கொண்டு வந்து விற்றவர்கள் முஸ்லிம் வணிகர்கள். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் அரசே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். தில்லையோடு தொடர்புடைய மாணிக்கவாசகரின் வரலாறும் குதிரை வாங்கப் போன அமைச்சரின் வரலாறே. விரைந்து செல்லும் ஊர்திக்குப் பொன்னைக் கொட்டும் ஆசை இம்மண்ணுக்குப் புதிதன்று. அவ்விலை மிகையே, ஆனால் குதிரை கப்பலேறுமுன் இரு தரப்பும் அறிந்து ஒப்பிய விலை.

அவ்வாறாயின் பதுக்கல் என்னும் இஹ்திகார் இதில் உண்டா? உணவுப் பொருளைத் தேக்கி வைப்பதையே இமாம்கள் பலர் இஹ்திகார் என்றனர். தடுத்து வைத்தால் மக்களுக்கு இடர் தரும் பொருள் எதுவாயினும் அது இஹ்திகாரே என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அதனை விரித்தார்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூரைத் தாக்கி, பல நாள் மின்சாரமின்றி நாம் தவித்தபோது, மெழுகுவத்திக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வந்த ஜெனரேட்டருக்கும் மனம் போனபடி விலை கேட்கப்பட்டது. இமாம் அவர்களின் சொல்லின் ஆழம் அப்போது விளங்கிற்று. விசை வண்டி அத்தகையதன்று. அது கிடையாமையால் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது.

விலையும் குற்றமன்று, பதுக்கலும் அன்று எனில், குற்றம் எங்கே? நம் தந்தையார் சுட்டிய இடத்திலேதான். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றொருவர் வியாபாரம் பேசலாகாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள நபிகளாரின் தடை. தன் முறையை ஒருவர் பணம் பெற்று விட்டுக்கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெறும் உரிமையை விற்கலாகாது என்று ஹனஃபீ மூலநூல்கள் கூற, பிற்கால அறிஞர் சிலர் உரிமையை விட்டு விலகப் பணம் பெறுவதை அனுமதித்தனர். ஆனால் பிறர் முறையை விற்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. தனக்கு உடைமையல்லாததை விற்பது அது. வரிசை விற்பனையாளரின் சொத்தன்று. காத்திருப்போர் அவரிடம் ஒப்படைத்த அமானத்.

மேலாளர் இதற்கு விடை வைத்திருந்தார். பதிவு என்பது ஒப்பந்தமன்று. முன்பணத்தை எப்போது கேட்டாலும் திருப்பித் தருவோம். ஒப்படைக்கும் நாளின் விலையே செல்லும் என்று படிவத்தில் அச்சிட்டுள்ளோம் என்றாராம். வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதும், நிறைவேற்றாத வாக்குறுதிக்காக நீதிபதி கட்டாயப்படுத்த முடியுமா என்பதில் இமாம்கள் வேறுபடுகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும் வாக்கை நிறைவேற்றுவது இறைவனிடத்தில் பொறுப்பு என்பதில் வேறுபாடில்லை. மேலும், தொழிற்சாலை விலையை ஏற்றினால் அது அனைவர்க்கும் ஏறும். ஒருவரிடம் தனியே வாங்கிக்கொண்டு முப்பத்தேழு பேரைப் பின்தள்ளுவது விலையேற்றம் ஆகாது. முன்பணத்தைத் திருப்பிவிடலாம், நெய்வேலியிலிருந்து வந்து போன எட்டு மாதங்களை எங்ஙனம் திருப்புவது?

பொருளியல் கற்ற நண்பர் ஒருவர் வேறொரு வாதம் வைத்தார். சந்தை தாங்கும் விலைக்குக் கீழே விலை வைத்தால், இடையில் உள்ள இலாபம் மறுநாளே விற்பவன் கைக்குப் போகிறது. அது விற்பனையாளருக்குப் போனால் என்ன என்றார். வலிமையான வாதமே இது. நம் விடை: அவர் அதனை வெளிப்படையாகச் செய்யட்டும். பதிவு தொடங்கும் நாளிலேயே மேல்விலையைப் பலகையில் எழுதட்டும். இன்றேல் ஏலம் விடட்டும். ஏலம் நம் மார்க்கத்தில் ஆகுமானதே. வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிவிடும் நஜ்ஷ் மட்டுமே தடுக்கப்பட்டது. 2020இல் புதிய தார் வண்டியின் முதலாவது, அறத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு ஏலம் விடப்பட்டு 1 கோடியே 11 இலட்சம் ரூபாய்க்குப் போயிற்று. அதனால் எவரும் ஏமாறவில்லை. குறைந்த விலையை ஊரறியச் சொல்லிக் கூட்டத்தைச் சேர்த்து, பின்னர்க் கதவை மூடிக்கொண்டு வேறு விலை பேசும்போது, அறிவித்த விலை தூண்டிலில் கோத்த புழுவாகிவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாததோடு, விலையை வெளிப்படச் சொல்லி விற்றனர் என்பதையும் பட்டினப்பாலை அவர்தம் சிறப்பாகவே கூறுகிறது.

மாணவருக்கு நாம் சொன்னது இது: வரிசையைக் காப்பதும் கணக்கெழுதுவதும் ஆகுமான உழைப்பு, அதற்குரிய சம்பளம் ஹலால். முறை மாற்றியதற்காக வரும் ஊக்கத்தொகை உமக்கு வேண்டாம். “வண்டி வரவில்லை” என்ற பொய்யை உம் நாவால் சொல்ல வேண்டாம். அவர் அவ்வாறே மேலாளரிடம் சொன்னார். ஊக்கத்தொகை நின்றது, பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார், வரிசை இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. மாதம் சில ஆயிரம் குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார். நெய்வேலிப் பெரியவருக்கு அவர் உண்மையைச் சொன்னார். பெரியவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

வாசகர்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. பதிவு செய்யும்போது வரிசை எண்ணையும் தேதியையும் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் காட்டிய விலைக்கு மேல் வாங்குவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையீட்டுக்கு உரியதாக ஏற்கிறது. மாவட்ட ஆணையம் கடலூரிலேயே இருக்கிறது. வசதி படைத்தோர்க்கு ஒரு வார்த்தை: மேல்தொகை கொடுத்து முந்திச் செல்லும்போது, கொடுப்பது உங்கள் பணம், எடுப்பது பெயரறியாத ஒருவரின் முறை. வணிகம் செய்யும் நம் சகோதரர்கள் எந்த விலை வைத்தாலும் அதனை அனைவர்க்கும் ஒன்றாக, முன்கூட்டியே வைக்கட்டும். அதற்குரிய மனத்துணிவை வல்ல இறைவன் அவர்களுக்கு அருள்வானாக.