வினையுவமமும் பறக்கும் தட்டும்

கண்டதற்குப் பெயரிடாமல் இருத்தல் மனிதர்க்கு மிக அரிது. நிலத்திலுள்ள பொருளாயின் அருகே சென்று தொட்டுப் பார்க்கலாம். வானத்திற் செல்லும் ஒளியை எட்டிப் பிடித்தல் இயலாது. ஆகவே, ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் முன்னரே உள்ள ஒரு பெயரை எடுத்து அதற்குச் சூட்டிவிடுகின்றனர். இதனை எம் ஊராகிய ஆவடியிலேயே யாம் காண நேர்ந்தது.

ஒருநாள் கதிரவன் மறைந்து சிறிது நேரத்திற்குள், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உலாவிக்கொண்டிருந்தோர் பலரும் நின்று வானத்தை நோக்கினர். யாமும் நோக்கினோம். சரத்திற் கோத்த மணிகள் போலப் பல ஒளிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓசையின்றி ஊர்ந்து சென்றன. எம் பாட்டியார், தம் இளமையிற் கேட்ட கொள்ளிவாய்ப் பிசாசை நினைந்து வீடு திரும்ப விரைந்தார். படைக்கருவித் தொழிற்சாலையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டை வீட்டு ஐயா, அவை பகைநாட்டார் ஏவிய டிரோன்கள் என்றார். எம் சபையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார். பள்ளிச் சிறுவன் ஒருவனோ, வேற்றுலகத்தார் வந்துவிட்டனர் எனக் கூவிக் குதித்தான். நால்வர் கண்டது ஒன்று, கூறியவை நான்கு.

பின்னர் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் தேடி, அவை ஸ்டார்லிங்க் துணைக்கோள்கள் எனக் காட்டினார். 2019 முதல் தொகுதி தொகுதியாக ஏவப்பட்டு வரும் அவை, ஏவிய சில நாள் வரை நெருங்கி ஒரே வரிசையிற் செல்லும். நிலம் இருண்ட பின்னும் அவ்வுயரத்திற் கதிரவன் ஒளி படுதலின் மின்னும். சிறுவன் முகம் வாடிற்று. ஐயா மட்டும் ஈறுவரை ஒப்பவில்லை.

"பறக்கும் தட்டு" என்னும் பெயர் பிறந்த வரலாறு தமிழ் பயில்வோர்க்குப் பெரிதும் சுவை தருவது. 1947 ஜூன் 24-இல் அமெரிக்க விமானி கெனத் ஆர்னால்டு, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டார். நீர்ப்பரப்பில் எறிந்த தட்டுத் தத்திச் செல்வது போல அவை சென்றன என்றார். நம் சிறுவர் ஏரியில் ஓட்டுச் சில்லை எறிந்து விளையாடுவதை நினைந்தால் அக்காட்சி விளங்கும். செய்தித்தாள்களோ அப்பொருள்களையே தட்டுகள் ஆக்கிவிட்டன. தாம் ஓட்டத்தையே குறித்ததாக அவர் பின்னர் விளக்கியும் பயனில்லை. தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். ஆர்னால்டு கூறியது வினையுவமம். உலகம் கொண்டதோ வடிவு பற்றிய மெய்யுவமம். அதன்பின் பல நாட்டு மக்களும் வானத்தில் தட்டுகளைக் காணத் தொடங்கினர். கண் கண்டதைச் சொல் கூறுதலே முறை. ஈண்டுச் சொல் கூறியதைக் கண் கண்டது.

இஃது எள்ளி நகைத்து விடுதற்குரிய செய்தியன்று. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் ஓர் ஏரியின்மேல் இனந்தெரியாத ஒளிகளை நம் படையினர் 329 முறை கண்டு குறித்தனர். சீனர் ஏவிய உளவுக் கருவிகளோ என ஐயுற்றனர். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் கழகத்தார் ஆராய்ந்தபோது, அவை வெள்ளியும் வியாழனுமே எனத் தெளிந்தது. இரு பெருநாட்டுப் படைகள் எதிரெதிர் நிற்கும் இடத்தில், ஐயத்தையே முடிபாகக் கொண்டு ஒரு குண்டு பாய்ந்திருப்பின் யாது விளைந்திருக்கும்! அறிந்தாரை வினவியதால் அன்றோ வீண் பகை தவிர்ந்தது!

எல்லாம் இங்ஙனம் விளங்கிவிடுமோ எனின், விளங்கா. அமெரிக்க வான்படையார் 1947 முதல் 1969 வரை தொகுத்த 12,618 செய்திகளுள் 701 விளங்காமலே நின்றன. 2023 நவம்பர் 19-இல் இம்பால் விமான நிலையத்தருகே தோன்றிய பொருளைத் தேடி ரஃபேல் விமானங்கள் சென்றும் ஒன்றும் அகப்படவில்லை. இவற்றை வேற்றுலக ஊர்திகள் எனத் துணிவோர் உளர். வெறும் பொய் எனத் தள்ளுவோரும் உளர். சான்றின்றித் துணிதலில் இருசாராரும் ஒப்பர். "இனந்தெரியாதது" என்னும் சொல் அப்பொருளைப் பற்றி யாதும் கூறுவதில்லை. நம் அறிவு எவ்வளவில் நிற்கின்றது என்பதையே கூறுகின்றது. அச்சொல்லை அச்சமும் நாணமுமின்றி வழங்கப் பழகுதல் கற்றோர்க்குக் கடன்.

ஆதலின், நண்பர்காள், வானத்தில் புதிய ஒளியொன்று காண்பீராயின், அதற்குப் பெயரிடுமுன் திசையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் பின்னர் வரட்டும்.